சொல்வதெழுதுதல்

கனடாவில் பல்கலைக்கழகப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் வேற்றுமொழிக்காரர் ஆங்கிலப் பரீட்சை ஒன்றில் தேறியாக வேண்டும் என்பது எம்மவர் எல்லோருக்கும் தெரிந்த விடயம். ஊரில் பல்கலைக்கழகத்தில் ஓராண்டோ ஈராண்டோ படித்துவிட்டு, யுத்தம் துரத்தப் பாதியில் விட்டு வந்தவர்கள் எங்களிடையே ஏராளம். 1983 இன் பின் வந்தவர்கள், 1987 இன் பின் வந்தவர்கள், 1995 இடப்பெயர்வின் பின் வந்தவர்கள், 2006 இல் ஏ9 பாதை பூட்டப்பட்டபின் கொழும்புக்கு ஓடி அங்கிருந்து வந்தவர்கள், 2009 இன் பின் வந்தவர்கள் என்று ஒவ்வொரு அலையிலும் இவர்கள் இருக்கிறார்கள். றெஸ்ரோறன்ற் குசினிகளில் கோப்பை கழுவிக்கொண்டும் மரக்கறி வெட்டிக்கொண்டும் வருடங்கள் போனாலும், விட்ட இடத்திலிருந்து படிக்கவேண்டும் என்ற எண்ணம் இவர்களை விட்டுப் போவதில்லை. இவர்களின் அறைகளில் ஆங்கிலப் பரீட்சைப் பயிற்சிப் புத்தகம் ஒன்று எங்காவது கிடக்கும். முதல் சில பாடங்களில் பென்சில் அடையாளங்கள் இருக்கும். அதன்பிறகு தாள்கள் புதிதாகவே இருக்கும்.

எங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் இந்தப் பரீட்சைக்குத் தோற்றியவர்கள் வாசிப்பில் விழவில்லை. இலக்கணத்திலும் விழவில்லை, இறந்தகாலம், நிகழ்காலம், செயப்பாட்டுவினை எல்லாம் தலைகீழாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். விழுந்தது கேட்டலிலும் எழுதுவதிலும்தான். இதற்கு நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் காரணங்கள் சில உண்டு. வயது போய்விட்டது, மூளை மரத்துவிட்டது, எங்களுக்கு இங்கிலிஷ் ஓடாது. மூன்றுமே வெட்கத்திலிருந்து பிறந்த காரணங்கள். ஆனால் ஒரு தலைமுறை முழுவதும் ஒரே இடத்தில் தடுக்கி விழுமானால், காரணத்தைத் தனிமனிதரின் மூளையில் தேடுவதைவிட வரலாற்றில் தேடுவதே நியாயம். அந்த வரலாறு இரண்டு கிளைகளாக வருகிறது. ஒன்று ஆங்கிலம் எங்கள் மண்ணுக்கு வந்த கதை. மற்றது இந்தப் பரீட்சை உலகத்துக்கு வந்த கதை.

2

முதலில் பரீட்சையின் அமைப்பைப் பார்ப்போம். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் கேட்டல் பகுதிக்கு ஏறத்தாழ அரைமணித்தியாலம். நான்கு பகுதிகள், 40 கேள்விகள். முதலாவது பகுதியில் இரண்டுபேர் அன்றாட விடயம் ஒன்றைப் பேசுவார்கள்: வாடகை அறை, பிரயாணச் சீட்டு, ஒருவரின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம். கடைசிப் பகுதியில் விரிவுரையாளர் ஒருவர் தனியே பேசுவார். எல்லாம் ஒரேயொரு தடவைதான் ஒலிக்கும். எழுத்துப்பிழை விட்டால் சரியாகக் கேட்டதும் வீண். எழுத்துப் பகுதிக்கு ஒரு மணித்தியாலம். வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து 150 சொற்கள், விவாதப்பொருள் ஒன்றுபற்றி 250 சொற்கள். 9 புள்ளி அளவுகோலில் 6.5 எடுத்தால் ஒன்ராறியோவின் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு அது போதும்.

கட்டணம் 300 டொலருக்கு மேல். பெறுபேறு இரண்டு வருடங்களுக்குத்தான் செல்லும். அதன்பிறகு, மொழியும் பாலைப்போலத் திகதி முடிந்து புளித்துவிடும் என்பதுபோல, மீண்டும் தோற்றவேண்டும். அகதி வழக்கு முடிய இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் எங்களில் பலர். வந்த புதிதில் உற்சாகத்தோடு பரீட்சை எழுதித் தேறிய ஒருவருக்கு, வழக்கு முடிந்து படிக்க வழி பிறந்தபோது பெறுபேறு காலாவதியாகி இருந்தது. அவர் இரண்டாந்தரம் தோற்றவில்லை.

3

ஆங்கிலம் யாழ்ப்பாணத்துக்குக் கடதாசியின் வழியாகத்தான் வந்தது. அமெரிக்க மிஷனரிகள் 1816 இல் வந்து, 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினார்கள். கணிதம், வானியல், தத்துவம் எல்லாம் ஆங்கிலத்தில் படிப்பிக்கப்பட்டன. 1855 இல் அது மூடப்பட்டபோது, மாணவர்கள் கிறிஸ்துவைத் தேடி வரவில்லை, ஆங்கிலத்தையும் உத்தியோகத்தையும் தேடித்தான் வருகிறார்கள் என்பது மிஷன் மேலிடத்தின் பெரிய மனக்குறையாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து, 1857 இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி.ஏ. பரீட்சையில் தேறியவர்கள் இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்: சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். ஆங்கிலத்தில் பட்டம் பெற்ற தாமோதரம்பிள்ளைதான் பிறகு கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலம் படித்தால் தமிழ் போய்விடும் என்ற பயத்துக்கு அவருடைய வாழ்க்கையே பதில்.

ஆனால் தாமோதரம்பிள்ளைகள் ஒரு சிலரே. பெரும்பான்மையோருக்கு ஆங்கிலம் கந்தோர் மொழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து மலாயாவின் றெயில்வேக்கும் தபால் கந்தோர்களுக்கும் கிளாக்கர்மாராகப் போன யாழ்ப்பாணத்தவரை அங்கே கொண்டுபோனது நல்ல கையெழுத்தும் பிழையில்லாத வசனமும். துரை சொல்வதைக் குறிப்பெடுப்பது, கடிதத்துக்குப் பதில் கடிதம் எழுதுவது, கணக்கு எழுதுவது. கிராமத்தில் இருந்தவருக்கோ ஆங்கிலம் என்றால் பெட்டிசம். காணிப் பிரச்சினையா, இடமாற்றமா, பெட்டிசம் எழுதத் தெரிந்தவரிடம் போகவேண்டும். அவர் பணிவான நீண்ட வசனங்களில் எழுதித் தருவார்; கீழே நாங்கள் கையெழுத்து வைப்போம். ஆங்கிலத்தில் ஒருவருடன் வாதாடுவதோ பகிடி விடுவதோ எங்கள் பெரும்பாலானோரின் வாழ்க்கையில் நடக்காத காரியம். அது எழுதி அனுப்பும் மொழி. பதிலும் எழுத்தில்தான் வரும்.

1945 இல் கன்னங்கராவின் திட்டத்தில் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனாமொழியானது. கமக்காரனின் பிள்ளையும் கடற்றொழிலாளியின் பிள்ளையும் பல்கலைக்கழகம் போக வழிவிட்டது இந்த மாற்றந்தான். அதை நாங்கள் ஒருபோதும் குறைசொல்லமாட்டோம். ஆனால் 1956 இல் ஆங்கிலம் இருந்த ஆசனத்தில் சிங்களம் மட்டும் இருத்தப்பட்டது. தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் தூரமானது, சிங்களம் கட்டாயமானது, தமிழால் உத்தியோகம் இல்லை என்றானது. 1970களின் தொடக்கத்தில், எழுதிய மொழியை வைத்தே பல்கலைக்கழக வாசலில் இரண்டு அளவுகோல்கள் வைக்கப்பட்டன. பொறியியலுக்குத் தமிழ்மொழியில் எழுதியவர் 250 புள்ளி எடுக்கவேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 227 போதும் என்ற கணக்கை எங்கள் தகப்பன்மார் இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

ஆங்கிலமோ நாட்டைவிட்டுப் போகவில்லை. கொழும்பில் வசதியான வீடுகளின் விறாந்தைகளில் பேச்சுமொழியாக அப்படியே இருந்தது. சிங்கள மாணவர்கள் அதற்கு வைத்த பெயர் 'கடுவ', அதாவது வாள். மொழியியலாளர் திரு கந்தையா 1984 இல் இந்தச் சொல்லையே தலைப்பாக்கி, இலங்கையில் ஆங்கிலம் அதிகாரத்தின் ஆயுதமாக இருப்பதுபற்றிக் கட்டுரை எழுதினார். சிங்களக் கிராமத்துப் பிள்ளையையும் யாழ்ப்பாணத்துக் கிராமத்துப் பிள்ளையையும் வெட்டியது ஒரே வாள்தான் என்பது, எங்கள் இரண்டு பகுதியினரும் போதியளவு பேசாத விடயம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் எப்படிப் படிக்கப்பட்டது என்பதற்குச் சாட்சியம் உண்டு. அங்கே ஆங்கிலம் படிப்பித்த சுரேஷ் கனகராஜா, 1990களின் தொடக்கத்தில் தன் வகுப்பில் நடந்ததை ஆராய்ந்து 1993 இல் வெளியிட்டார். பாடநூல் அமெரிக்காவில் தயாரானது. அதில் வருபவர்கள் விமானத்தில் பறப்பார்கள், ஹொட்டேலில் சாப்பிடுவார்கள். மாணவர்கள் அந்தப் புத்தகத்தின் ஓரங்களில் படம் கீறினார்கள், தமிழ்ச் சினிமாவிலிருந்தும் போராட்டத்திலிருந்தும் சொற்களை எழுதினார்கள், படங்களிலிருந்த அமெரிக்கருக்குத் தங்கள் வசனங்களைக் கொடுத்தார்கள். அதேநேரம், பரீட்சைக்கு உதவும் இலக்கணத்தைமட்டும் தந்தால் போதும் என்றும் எதிர்பார்த்தார்கள். பேச்சும் கேட்டலும் அவர்களுக்கு வேண்டாத சுமையாக இருந்தன. யாருடன் பேச? யாரைக் கேட்க? வெளியே குண்டுவீச்சு. கனகராஜா 1994 இல் யாழ்ப்பாணத்தைவிட்டு அமெரிக்கா போய், இவை எல்லாவற்றையும் சேர்த்து 1999 இல் புத்தகமாக்கினார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோவை உயிர்ப்பித்து பி.பி.சி. தமிழோசை கேட்ட வீடுகளில்தான் எங்களிற் சிலர் வளர்ந்தோம். கை ஓய்ந்தால் செய்தி நின்றுவிடும். காது கூர்மையாகத்தான் இருந்தது. பலாலியிலிருந்து ஷெல் புறப்படும் சத்தத்துக்கும் வந்து விழும் சத்தத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை அது அறியும். ஹெலிக்கும் பொம்மருக்கும் பேதம் தெரியும். அந்தக் காதுக்கு ஆங்கில உரையாடல் கேட்கும் வாய்ப்புத்தான் கிடைக்கவில்லை.

4

இனி மற்றக் கிளை. ஆங்கிலத்தை அந்நியருக்கு அளக்கும் பரீட்சை எப்போது பிறந்தது?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913 இல், பிறமொழிக்காரருக்கான தேர்ச்சிப் பரீட்சையை முதல்தடவை நடத்தியது. மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, ஒலியியல், சொல்வதெழுதுதல், உரையாடல் என்று ஏறத்தாழ 12 மணித்தியாலப் பரீட்சை. தோற்றியவர்கள் மூன்று பேர். ஒருவரும் தேறவில்லை.

அதற்கு முன்பே சொல்வதெழுதுதல் வேறு வேலைக்குப் பயன்பட்டுவிட்டது. அவுஸ்திரேலியா 1901 இல் கொண்டுவந்த குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, கப்பலால் இறங்குபவருக்கு அதிகாரி 50 சொற்களை ஐரோப்பிய மொழி ஒன்றில் வாசிப்பார். அவர் அதைப் பிழையின்றி எழுதவேண்டும். எந்த மொழி என்பதை முடிவுசெய்வது அதிகாரி. ஆங்கிலம் தெரிந்த ஆசியர் வந்தால் வேறொரு மொழி. 1909 இன் பின் அதில் தேறியவர் எவரும் இல்லை. 1934 இல் பல மொழிகள் தெரிந்த பத்திரிகையாளர் ஏகோன் கிஷ் வந்தபோது, ஸ்கொட்லாந்துக் கேலிக் மொழியில் வாசித்தார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. 1958 இல்தான் இந்தப் பரீட்சை ஒழிந்தது. கேட்கச் சொல்லி, எழுதச் சொல்லி, தோற்கச் செய்யவென்றே வைத்த பரீட்சை அது.

அமெரிக்காவில் 1924 இன் குடிவரவுச் சட்டம் நாடுவாரியாகக் கோட்டா விதித்தது; மாணவருக்குமட்டும் விலக்கு இருந்தது. அந்த வாசலால் யார் நுழைகிறார்கள் என்று பார்க்கவேண்டும் என்று குடிவரவு அதிகாரிகள் கேட்டதன்பேரில்தான், கல்லூரி நுழைவுப் பரீட்சைச் சபை 1930 இல் வெளிநாட்டு மாணவருக்கான ஆங்கிலப் பரீட்சையைத் தயாரித்தது. அது சில வருடங்களே நடந்தது. ஆனால் பல்கலைக்கழக ஆங்கிலப் பரீட்சையின் தொட்டிலை எல்லைக்காவலரும் ஆட்டினார்கள் என்பது எங்களைப் போன்றோர் அறிந்திருக்கவேண்டிய செய்தி.

கேட்டலைத் தனியே பிரித்து அளக்கும் முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் றொபேட் லாடோ. அவர் அமெரிக்காவில் பிறந்தவர், ஆனால் பேச்சு வருமுன்னே ஸ்பானியப் பெற்றோருடன் ஸ்பெயினுக்குத் திரும்பி, 21 வயதில் மீண்டும் வந்து வளர்ந்த ஆளாக ஆங்கிலம் படித்தவர். 1961 இல் மொழிப் பரீட்சைபற்றிய முதன்மையான நூலை எழுதினார். கேட்கும்போது எந்த ஒலியும் எந்த ஒலியும் ஒன்றாகிப் போகும் என்பதை அவர் தன் காதாலேயே அறிந்திருப்பார். 1964 இல் ரோஃபெல் வந்தது. ஒலிப்பதிவு நாடா பரவியிருந்த காலம். உலகம் எங்கும் ஒரே குரலை ஒரே வேகத்தில் கேட்கவைக்க முடிந்தது. பிரித்தானியப் பக்கத்தில் 1980 இல் வந்த பரீட்சை 1989 இல் ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆனது, அதை நடத்துவதில் அவுஸ்திரேலிய நிறுவனமும் பங்காளி. சொல்வதெழுதுதலால் ஆசியரைக் கப்பலோடு திருப்பிய நாடு, முப்பத்தொரு வருடத்தில் ஆசிய மாணவரை அளந்து சேர்க்கும் பரீட்சையின் பங்காளியானது. காலம் மாறத்தான் செய்கிறது.

இவ்வளவையும் படிக்கும்போது எங்களுக்கு நினைவில் வருவது 1983 ஆடி. கொழும்பில் வாகனங்களை மறித்தவர்கள், வாளிக்குச் சிங்களத்தில் உள்ள 'பால்திய' என்ற சொல்லை உச்சரிக்கச் சொன்னார்கள். சிங்களப் பத்திரிகையை வாசிக்கச் சொன்னார்கள். நாக்கு தடுமாறினால் உயிர் போயிற்று. இதைப் பல்கலைக்கழகப் பரீட்சையோடு ஒப்பிடுவது அநியாயம் என்று சிலர் சொல்லலாம். நாங்கள் ஒப்பிடவில்லை. ஆனால் அந்நியர் ஒருவர் முன் நின்று, அவருடைய மொழியில் அவர் சொல்லும் சொல்லுக்காகக் காத்திருக்கும்போது எங்களவருக்குக் கை ஏன் வியர்க்கிறது என்று கேட்டால், அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

5

கனடா எங்களைக் கேட்ட கதை வேறு. 1985 சித்திரை 4ஆம் திகதி, சிங் வழக்கில், அகதி கோருபவரை நேரில் இருத்தி அவர் வாயால் சொல்வதைக் கேளாமல் முடிவெடுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை கடதாசியில் எழுதியதை வைத்தே முடிவெடுக்க இடமிருந்தது. இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் எங்களவர் ஆயிரக்கணக்கில் தங்கினார்கள்.

ஆனால் அந்த விசாரணையில் எங்கள் கதை ஆங்கிலமானது மொழிபெயர்ப்பாளரின் வாயால். அதற்கு முன் கொடுத்த வாக்குமூலம் ஆங்கிலமானது வேறொருவரின் கையால். ஊரில் பெட்டிசம், இங்கே வழக்குக் கடதாசி. எங்கள் வாழ்க்கை முதன்முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டபோதும் நாங்கள் கீழே கையெழுத்துத்தான் வைத்தோம். எங்களில் ஒருவர் தன்னுடைய வாக்குமூலத்தைப் பல வருடம் கழித்து எடுத்து வாசித்துப் பார்த்துவிட்டு, "இதில நடந்தது எல்லாம் என்ரைதான், ஆள்தான் நானில்லை" என்றார். எழுத்துப் பகுதியில் 250 சொற்கள் எழுதப் பழகுவது பல்கலைக்கழகத்துக்காக மட்டுமல்ல. எங்கள் வசனத்தை நாங்களே எழுதுவதற்காகவும்.

ஆங்கிலம் படிக்க இங்கே வழியே இல்லை என்று சொல்லமுடியாது. 1992 இல் மத்திய அரசு தொடங்கிய லிங்க் வகுப்புகள் இலவசம். ஆனால் அவை குடிவரவாளருக்கும் ஏற்கப்பட்ட அகதிகளுக்கும்தான். வழக்கு முடியாதவருக்கு இடமில்லை. அவர்கள் மாகாண அரசின் பணத்தில் நடக்கும் வளர்ந்தோர் வகுப்புகளுக்குப் போகலாம். போனவர்கள் அங்கே கடைக்குப் போவது, டொக்டரிடம் பேசுவது, வேலைக்கு விண்ணப்பிப்பது எல்லாம் படித்தார்கள். நல்ல விடயம். ஆனால் விரிவுரை ஒன்றை முக்கால் மணித்தியாலம் கேட்டுக் குறிப்பெடுப்பது வேறு படிப்பு. அதை வேலை முடிந்த நேரத்தில் நாங்களாகத்தான் தேடவேண்டியிருக்கிறது.

குசினியில் காது சும்மா இருப்பதில்லை. "பிஹைன்ட்", "கோர்னர்", "ஹொட்" என்று பின்னாலிருந்து கத்தல் வரும், ஓர்டர்களை வாசிப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் நாங்கள் "ஹேர்ட்" என்று பதில் சொல்லவேண்டும். கேட்டது என்று அர்த்தம். நாள்முழுவதும் நூறுதரம் ஆங்கிலத்தில் 'கேட்டது, கேட்டது' என்று சொல்லிவிட்டு வந்து, இரவில் பயிற்சி ஒலிப்பதிவைப் போட்டால் ஒன்றும் கேட்கவில்லை. காரணம் எளிது. குசினியில் வரும் சொற்கள் ஐம்பதோ நூறோ. அடுத்தது என்ன என்பது அடுப்பைப் பார்த்தாலே தெரியும். விரிவுரையில் அடுப்பு இல்லை.

விட்பியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து படிக்கிறோம். றெஸ்ரோறன்ற் பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில், டண்டாஸ் வீதியிலுள்ள பொதுநூலகத்தில். முன்பு ஸ்காபுரோவில் இருந்த எம்மவர் ஏஜக்ஸ், விட்பி என்று கிழக்கே நகர்ந்துவிட்டதால் இங்கே தமிழ்முகம் அபூர்வமில்லை. பயிற்சியில் நாங்கள் கண்டறிந்த சிலவற்றை மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறோம்.

முதலாவது, ஊரில் நாங்கள் படித்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே நிற்கும். இங்கே சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். 'வோட்டர்' என்பது 'வாடர்' ஆகும். முடியும் என்பதற்கும் முடியாது என்பதற்கும் இடையில் உள்ள வித்தியாசம் கடைசி ஒலியில் இல்லை; அந்த ஒலி பெரும்பாலும் காதில் விழாது. உயிரொலி எவ்வளவு அழுத்தமாக வருகிறது என்பதில்தான் வித்தியாசம். 'ஃபிஃப்ரீன்', 'ஃபிஃப்ரி' இரண்டும் அப்படித்தான். அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்க்கவேண்டும். தமிழில் அழுத்தத்தை வைத்துச் சொல்லின் பொருள் மாறுவதில்லை. எங்கள் காது அதைத் தேடப் பழகவில்லை. தேடவேண்டும் என்று தெரிந்தபிறகு, மெல்ல மெல்ல அகப்படுகிறது.

இரண்டாவது, பழைய சொல்வதெழுதுதலே மிகச் சிறந்த மருந்து. ஒரு நிமிட ஒலிப்பதிவை எடுத்து, வசனம் வசனமாக நிறுத்தி, கேட்டதை எழுதுவது. பிறகு அச்சிலுள்ளதோடு ஒப்பிடுவது. எந்தச் சொல் விடுபட்டதோ அதைச் சிவப்பில் எழுதுவது. எங்கள் சிவப்பு எழுத்துகளைப் பார்த்தால் பெரிய சொற்கள் இல்லை. எல்லாம் சின்னச் சின்ன இடைச்சொற்கள். பெரிய சொற்களை ஊர் வாத்தியார்மார் எங்களுக்கு நன்றாகவே படிப்பித்திருக்கிறார்கள்.

மூன்றாவது, எழுத்து. தமிழில் கட்டுரை எழுதும்போது உலகம் தோன்றிய நாளிலிருந்து தொடங்கி, பழமொழி ஒன்று சொல்லி, சுற்றிவந்து விடயத்துக்கு வருவோம். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. வீட்டுக்கு வந்தவரிடம் எடுத்த எடுப்பில் வந்த காரியம் என்ன என்று கேட்கமாட்டோமே. இந்தப் பரீட்சையிலோ காரியத்தை முதல் வசனங்களிலேயே சொல்லிவிடவேண்டும். ஒரு பந்திக்கு ஒரு கருத்து, ஒரு காரணம், ஓர் உதாரணம். இது மேலான முறை என்றோ கீழான முறை என்றோ நாங்கள் சொல்லவில்லை. வேறொரு வீட்டின் வழக்கம். அந்த வீட்டுக்குப் போனால் அந்த வழக்கம். பெட்டிசத் தமிழ்ப் பணிவை ஆங்கிலத்தில் கொண்டுவந்து கொட்டும் பழக்கமும் இத்தோடு போகவேண்டும்.

தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல்தான் காதால் கேட்பதற்கும் வினா எழுப்புவதற்கும். திருக்குறளில் கல்வி, கல்லாமை இரண்டுக்கும் அடுத்த அதிகாரம் கேள்வி. அங்கே கேள்வி என்பது காதால் வரும் அறிவு. ஏடு வாசிக்க வழியில்லாதவருக்கும் அந்த வழி திறந்திருக்கிறது என்பது அதன் கருத்து. எழுத்தில் மட்டும் ஆங்கிலம் படித்த எங்களுக்கு இது திரும்பிப் பார்க்கவேண்டிய பாடம்.

6

விட்பியைப்பற்றியும் இரண்டு செய்தி. இங்கே ஒன்ராறியோ வாவிக்கரையில், ஒஷாவா எல்லையோரம், இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஓர் இரகசிய முகாம் இருந்தது. 1941 மார்கழி 6ஆம் திகதி திறக்கப்பட்டது. 'காம்ப் எக்ஸ்' என்று பெயர். உளவாளிகளுக்குப் பயிற்சி கொடுத்த அந்த இடத்தில் 'ஹைட்ரா' என்ற வானொலித் தந்தி நிலையமும் இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் காதில் விழும் மோர்ஸ் ஒலிகளைக் கேட்டுக்கேட்டு எழுத்துகளாக்கினார்கள். சங்கேத மொழியில் வந்த செய்தியின் அர்த்தம் எழுதியவருக்கே தெரியாது. பயிற்சியாலும் திரும்பத்திரும்பச் செய்ததாலும் மட்டும் வந்த திறமை அது. கட்டடங்கள் இப்போது இல்லை. நினைவுப் பூங்கா ஒன்று இருக்கிறது. கேட்டு எழுதுவது பிறவியில் வரும் வரம் அல்ல, பழகி வரும் தொழில் என்பதற்கு எங்கள் ஊரிலேயே இப்படியொரு சான்று.

மற்றது விட்பி என்ற பெயர். மிசிசாகா அனிஷினாபே மக்களின் நிலத்தை அளந்தவர்கள் 1792 இல், இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் உள்ள விட்பியின் பெயரை இதற்கு இட்டார்கள். அந்தப் பழைய விட்பியில் ஏழாம் நூற்றாண்டில் ஒரு மடம் இருந்தது. ஹில்டா என்ற அம்மையார் அதன் தலைவி. மடத்தின் மாடுகளைப் பார்த்தவர் கெட்மன். வயது போன மனிதர், எழுத வாசிக்கத் தெரியாது. விருந்துகளில் யாழ் கைமாறிவரும், ஒவ்வொருவராகப் பாடவேண்டும். யாழ் தன்னை நோக்கி வருவதைக் கண்டதும் கெட்மன் எழுந்து வெளியே போய்விடுவார். ஒருநாள் அப்படிப் போய் மாட்டுத்தொழுவத்தில் படுத்தவர், கனவில் ஒருவர் பாடச்சொல்லப் பாடினார். விடிந்ததும் செய்தி ஹில்டாவிடம் போயிற்று. அவர் படித்தவர்களைக் கூட்டி ஒரு பரீட்சை வைத்தார். வேதாகமத்தில் ஒரு பகுதியை வாசித்துக் காட்டினார்கள். முடியுமானால் அதைப் பாட்டாக்கு என்றார்கள். கெட்மன் கேட்டுவிட்டுப் போனார். மறுநாட் காலை பாட்டோடு வந்தார். பெயர் தெரிந்த ஆங்கிலக் கவிஞர்களில் முதல்வர் அவர்தான். இந்தக் கதையை பீட் என்ற துறவி 731 இல் முடித்த தன் வரலாற்று நூலில் எழுதிவைத்தார்.

ஆங்கிலக் கவிதையின் வரலாறு, விருந்தில் வாய்திறக்கப் பயந்து எழுந்துபோன வேலைக்காரர் ஒருவரிலிருந்து தொடங்குகிறது. அவருக்கு நடந்ததும் கேட்டல் பரீட்சையே. ஆனால் அதை வைத்தவர்கள் அவரைத் திருப்பி அனுப்பக் காரணம் தேடவில்லை. அவரால் என்ன முடியும் என்று அறிய வைத்தார்கள். அதற்குமுன் எத்தனை வருடம் எந்தத் தொழுவத்தில் நின்றார் என்பது அவருக்கு எதிரான புள்ளியாகவில்லை. இரண்டு வருடத்தில் காலாவதியாகவும் இல்லை.

இன்றைய பரீட்சைகளில் இரண்டு பரம்பரையின் இரத்தமும் ஓடுகிறது. கப்பலில் வந்தவரைத் திருப்பிய சொல்வதெழுதுதலின் இரத்தமும், தொழுவத்திலிருந்தவரை உள்ளே அழைத்த பரீட்சையின் இரத்தமும். எது மேலோங்குகிறது என்பது கேள்வித்தாளைப் பொறுத்ததல்ல. அதைக் கையில் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தது. 6.0 எடுத்தவரை ஒரு பருவம் மொழிவகுப்பில் சேர்த்து உள்ளே எடுக்கலாம். அரைப்புள்ளி குறைவென்று வெளியே நிறுத்தவும் செய்யலாம். பாதியில் நின்ற படிப்போடு வந்த அகதிகள் விடயத்தில் முன்னதைச் செய்யும்படி கேட்க எங்கள் சங்கங்களுக்கும் பழைய மாணவர் மன்றங்களுக்கும் வாய் இருக்கிறது. விழாக்களுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்கில், வருடம் பத்துப் பேருக்குப் பரீட்சைக் கட்டணத்தையும் கட்டலாம்.

அதுவரை அந்தப் பயிற்சிப் புத்தகங்களைத் திரும்ப எடுப்போம். பென்சில் அடையாளம் நின்ற பக்கத்திலிருந்து தொடங்கினால் போதும். அதற்கு முந்தியது எங்களுக்குத் தெரியும். தனியே இருந்து செய்யவேண்டாம். ஒருவர் வாசிக்க மற்றவர் எழுதுவதுதான் சொல்வதெழுதுதல்; அதற்கு இரண்டுபேராவது வேண்டும். கெட்மனைப் பரீட்சித்த ஆசிரியர்களே பின்பு அவர் பாடுவதை இருந்து கேட்பவர்களானார்கள் என்றும் பீட் எழுதியிருக்கிறார்.